காட்பாடியிலிருந்து சென்னைக்கு ஒரு நாள்: கார் இல்லாமல் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்ப முழுமையான வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு, வாலாஜா பக்கம் இருப்பவர்களுக்குச் சென்னை ஒன்றும் தூர தேசம் இல்லை. காட்பாடியிலிருந்து சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர், எக்ஸ்பிரஸ் பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இருந்தும் 'குடும்பத்தோட ஒரு நாள் போய்ட்டு வரலாம்' என்று பேச்செடுத்தாலே முதலில் வருவது கார்தான். பூந்தமல்லிக்கு மேல் கார் நகராது, தி.நகரில் நிறுத்த இடம் கிடைக்காது, ஓட்டுகிறவர் எதையும் பார்க்காமலே களைத்துப்போய் வீடு திரும்புவார். ரயிலில் போனால் சாப்பாடு நீங்கலாக ஆளுக்கு முந்நூறு ரூபாய்க்குள் நாள் முடிந்துவிடும்.

ஆனால் ரயிலில் போகிறவர்களும் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். காலையில் மயிலாப்பூர், மதியம் அண்ணா நகரில் சித்தி வீடு, மூன்று மணிக்கு தி.நகர், சாயங்காலம் பீச் என்று பட்டியல் போடுகிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு மூலை. நாளில் பாதி படிக்கட்டு ஏறி இறங்குவதிலும் ஆட்டோ பேரம் பேசுவதிலும் போய்விடும். நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு நாளுக்கு ஒரே ரயில் தடம். அந்தத் தடத்தின் மேல் இருக்கும் இடங்களை மட்டும் பாருங்கள், மற்றது அடுத்த முறை. சித்தி கோபித்துக்கொண்டால் போனில் சமாளிக்கலாம்.

கிழமையைத் தேர்ந்தெடுங்கள்

இதைப் பார்க்காமல் கிளம்பி, பூட்டிய கேட் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் நிறைய. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா இரண்டுக்கும் செவ்வாய். ஞாயிறு எல்லாம் திறந்திருக்கும், ஆனால் அன்று மின்சார ரயில்கள் குறைவு. பராமரிப்பு வேலை என்று சில மணி நேரம் ஒரு தடத்தையே நிறுத்துவதும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். ஆக, புதன், வியாழன், சனி. இந்த மூன்றில் ஒன்று கிடைத்தால் நல்லது. சனிக்கிழமை என்றால் காலை அலுவலகக் கூட்டமும் கொஞ்சம் குறையும்.

மே மாதத்தில் குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், மதியம் இரண்டு மணி வெயிலில் பிளாட்பாரத்தில் நிற்க முடியாது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வானிலை அறிக்கை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஜனவரியும் பிப்ரவரியும்தான் அருமையான காலம். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர் உற்சவம் நடக்கும் நாட்களில் மாட வீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது. உற்சவத்துக்காகவே போவதாக இருந்தால் போங்கள், வேறு வேலையாகப் போகிறவர்கள் தள்ளிப் போடுங்கள். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மேட்ச் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மேட்ச் நாளில் அந்தச் சுற்றுவட்டாரமே மஞ்சள் சட்டையாக இருக்கும், ரயிலில் தொங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

திரும்பும் ரயிலிலிருந்து தொடங்குங்கள்

எல்லாரும் போகிற ரயிலை முதலில் பார்ப்பார்கள். நீங்கள் திரும்புகிற ரயிலை முதலில் முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி அந்த நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

காலையில் போக நம் பக்கத்துக்குப் பழக்கமான வண்டி ஏலகிரி எக்ஸ்பிரஸ். விடிகாலையில் ஜோலார்பேட்டையில் கிளம்பி, காட்பாடி, வாலாஜா ரோடு, அரக்கோணம் வழியாக அலுவலக நேரத்துக்குச் சென்ட்ரலில் கொண்டு விடும். மாலையில் அதே வண்டி ஆறு மணிக்குச் சற்று முன்னால் சென்ட்ரலில் புறப்படும். இதில் ஒரு விஷயம், இது வேலைக்குப் போகிறவர்களின் வண்டி. வருடக்கணக்காக ஒரே பெட்டியில் ஒரே ஜன்னலோரத்தில் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஏறும்போது காலி சீட்டில் ஒரு கைக்குட்டை கிடக்கும், அடுத்த ஸ்டேஷனில் ஏறப்போகிற நண்பருக்காக. சண்டை போடுவது உங்கள் உரிமை, ஆனால் நாலு பேரும் அவருக்குத்தான் பேசுவார்கள். நடுவில் நிற்காமல் பெட்டிக்குள்ளே தள்ளிப் போனால் அரக்கோணத்துக்குள் எப்படியும் உட்கார இடம் கிடைத்துவிடும், அவர்களே 'வாங்க சார், தள்ளி உக்காருங்க' என்று நாலாவது ஆளாக இடம் கொடுப்பதும் உண்டு.

மாலை ஏலகிரியில் திரும்பினால் ஐந்தேகாலுக்குச் சென்ட்ரலில் இருக்க வேண்டும், அதாவது பீச்சில் சாயங்காலக் காற்று கிடையாது. அது வேண்டும் என்றால் இரவு எட்டு மணிக்கு மேல் மேற்கே போகும் ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள். கோவை பக்கம், கேரளா பக்கம், பெங்களூர் பக்கம் போகிற இரவு வண்டிகள் வரிசையாகக் கிளம்பும், பெரும்பாலானவை காட்பாடியில் நிற்கும். இரண்டு சிக்கல். ஒன்று, ஜெனரல் பெட்டிகள் நிரம்பி வழியும், குழந்தைகளோடு ஏறுவது கஷ்டம், அதனால் காட்பாடி வரைக்குமே முன்பதிவு செய்துவிடுவது நிம்மதி. இரண்டு, அதில் பல சூப்பர்ஃபாஸ்ட். சாதாரண எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஏறக்கூடாது, ஜெனரல் டிக்கெட்டிலேயே 15 ரூபாய் கூடுதல் கட்டணம் சேர்த்து எடுக்க வேண்டும். கவுன்டரில் கேட்கும்போதே 'சூப்பர்ஃபாஸ்ட்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நேர அட்டவணை அவ்வப்போது மாறும், எனவே முந்தின நாள் இரவு ஒருமுறை செயலியில் சரிபார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டும் போனும்

ரயில்வேயின் ரயில்ஒன் செயலியை முந்தின நாளே இறக்கி, பதிவு செய்து, அதன் வாலட்டில் இருநூறு ரூபாய் போட்டு வையுங்கள். முன்பதிவில்லாத டிக்கெட், மின்சார ரயில் டிக்கெட், பறக்கும் ரயில் டிக்கெட் எல்லாம் இதிலேயே எடுக்கலாம். காகிதமில்லா டிக்கெட்டை ஸ்டேஷனுக்குள் நின்றுகொண்டு எடுக்க முடியாது, இருப்பிடத்தைப் பார்த்து மறுத்துவிடும். வெளியில் டீக்கடையில் நிற்கும்போதே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து எடுங்கள். பரிசோதகர் கேட்டால் செயலியைத் திறந்து காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. போன் சார்ஜ் தீர்ந்தால் டிக்கெட்டும் தீர்ந்தது என்று அர்த்தம், அதனால் பவர் பேங்க் கட்டாயம்.

மெட்ரோவுக்குத் தனி டிக்கெட். செயலி, வாட்ஸாப் எதிலும் எடுக்கலாம், க்யூ.ஆர். டிக்கெட்டுக்கும் சிங்காரச் சென்னைப் பயண அட்டைக்கும் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் எடுக்கலாம். ஒரு நாள் போகிறவருக்கு இரண்டு செயலி போதும், நாலைந்தை இறக்கிப் போனை நிரப்ப வேண்டாம். செயலியே வேண்டாம் என்கிற அம்மா அப்பாக்களுக்குக் கவுன்டர் இருக்கிறது, வரிசைக்கு மட்டும் கூடப் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சார ரயிலில் முதல் வகுப்புப் பெட்டி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். கூட்டத்தில் ஓடிவந்து ஏறும்போது வித்தியாசம் தெரியாது, ஏறி உட்கார்ந்த பிறகுதான் சீட் மெத்தென்று இருப்பது உறைக்கும். சாதாரண டிக்கெட்டோடு அதில் மாட்டினால் குறைந்தது 250 ரூபாய் அபராதம், அதோடு கட்டண வித்தியாசமும். மகளிர் பெட்டியும் அப்படித்தான், ஆண்கள், பெட்டியின் வெளிப்புற எழுத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

சென்ட்ரலில் இறங்கியதும்

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள், ஏனென்றால் பக்கத்துப் பக்கத்தில் ஐந்து நிலையங்கள். நீங்கள் இறங்குவது சென்ட்ரல். அதை ஒட்டியே, ரிப்பன் மாளிகைப் பக்கம் இருப்பது மூர் மார்க்கெட் வளாகம். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்கள் அங்கிருந்து. வாசலுக்கு வெளியே தரைக்குக் கீழே சென்ட்ரல் மெட்ரோ, நீலத் தடம் பச்சைத் தடம் இரண்டும் சந்திக்கும் இடம். பூந்தமல்லி நெடுஞ்சாலையைத் தாண்டினால் பூங்கா நிலையம், அதற்குப் பக்கத்திலேயே பூங்கா நகர் நிலையம்.

கடைசி இரண்டையும்தான் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். பூங்கா என்பது கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டுத் தடம்: எழும்பூர், மாம்பலம், கிண்டி பக்கம் போக. பூங்கா நகர் என்பது வேளச்சேரி போகிற பறக்கும் ரயில்: திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் போக. பெயரை மாற்றிப் படித்தால் கபாலியைப் பார்க்கக் கிளம்பியவர் மாம்பலத்தில் நிற்பார். சாலையை மேலே குறுக்கே ஓடிக் கடக்காதீர்கள், சுரங்கப்பாதை இருக்கிறது. வெளியே வரும்போது அரசு பொது மருத்துவமனை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டால் திசை பிடிபட்டுவிடும்.

சென்ட்ரலை விட்டு வெளியேறும் முன் கழிப்பறை வேலையை முடித்துவிடுங்கள். நகரத்துக்குள் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை என்றால் மெட்ரோ நிலையங்கள்தான். பறக்கும் ரயில் நிலையங்களில் எதிர்பார்க்காதீர்கள்.

முதல் தடம்: பறக்கும் ரயில் (முதல் முறை போகிறவர்களுக்கு இதுதான்)

பூங்கா நகரில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டைக்கு முன்னால் வண்டி மேலே ஏறும். அங்கிருந்து பாதி வழி பக்கிங்ஹாம் கால்வாயின் மேலேயே, மொட்டை மாடிகளின் உயரத்தில் ஓடும். சேப்பாக்கம் வரும்போது வலது பக்க வாசலில் நின்றால் ஸ்டேடியம் தெரியும். கட்டணம் ஐந்து பத்து ரூபாய்தான். வண்டிகளுக்கு இடையில் நல்ல இடைவெளி இருக்கும், மெட்ரோ மாதிரி ஒன்று போனதும் அடுத்தது வந்துவிடாது, அதனால் நேரம் பார்த்துப் போங்கள்.

காலையில் நேராகத் திருமயிலை. கபாலீஸ்வரர் கோயில் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள், ஆகவே இதை முதலில் முடிக்க வேண்டும். நிலையத்திலிருந்து லஸ் முனைக்கு வந்து ராமகிருஷ்ண மடம் சாலையில் தெற்கே நடந்தால் இடது கைப்பக்கம் தெப்பக்குளம், அதற்கு அந்தப் பக்கம் கோயில். பத்து நிமிட நடை. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியால் லஸ் பக்கம் தடுப்புகளும் மாற்றுப் பாதைகளுமாக இருக்கும். நடக்கிறவருக்குப் பிரச்சினை இல்லை, பேருந்திலும் ஆட்டோவிலும் வருகிறவர்தான் மாட்டிக்கொள்வார். தரிசனம் முடிந்ததும் மாட வீதிகளை ஒரு சுற்று சுற்றுங்கள். பூஜைச் சாமான், பித்தளை, கொலு பொம்மை, காய்கறிக் கடைகள் எல்லாம் அந்த நாலு தெருவுக்குள். சாப்பாட்டுக்குக் கீழ மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ் இருக்கிறது, பன்னிரண்டுக்கே போய்விட்டால் இடம் தேட வேண்டாம்.

பன்னிரண்டரைக்கு மேல் வெயில். இந்த இரண்டரை மணி நேரத்தை எங்கே கழிப்பது என்பதில்தான் ஒரு நாள் திட்டம் நிற்கும் அல்லது விழும். என் பதில், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். திருமயிலையிலிருந்து மூன்றாவது நிறுத்தம். 2010-இல் திறந்தது, கட்டிடம் முழுக்கக் குளிர்சாதனம், குழந்தைகளுக்கு ஒரு தளத்தில் தனிப் பிரிவு, உறுப்பினராக இல்லாதவரும் உட்கார்ந்து படிக்கலாம். நிலையத்திலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும். பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். ஊர் சுற்ற வந்துவிட்டு நூலகமா என்று வீட்டில் முணுமுணுப்பார்கள், உள்ளே போய் உட்கார்ந்ததும் அவர்களே எழுந்திருக்க மாட்டார்கள்.

மூன்று மணிக்குக் கிளம்பி, வந்த தடத்திலேயே திரும்பிக் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்குங்கள். விளக்கு மாடத்துக்குப் பதினைந்து நிமிட நடை. லிஃப்ட் இருக்கிறது, மதிய இடைவேளை முடிந்து மூன்று மணிக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள், அதற்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். மேலேயிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சாந்தோம் தேவாலயக் கோபுரம், இன்னொரு பக்கம் துறைமுகம் வரைக்கும் மணல். அப்புறம் மணலோரமாகவே வடக்கே நடந்து வாருங்கள். தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல் இல்லாமல் மெரினா இல்லை, காகிதப் பொட்டலத்தில் சூடாக வாங்குங்கள், மாங்காயைக் கண் முன்னால் சீவச் சொல்லுங்கள். கடலில் குளிக்க இறங்க வேண்டாம். அங்கே அலையின் இழுப்பு மோசம், கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணகி சிலை பக்கம் சாலையைக் கடந்து உள்ளே நடந்தால் திருவல்லிக்கேணி நிலையம், இன்னும் தெம்பு இருந்தால் சேப்பாக்கம் வரைக்கும் நடக்கலாம்.

ஆறரைக்குள் ரயில் ஏறிவிடுங்கள். இந்த நிலையங்கள் பிரம்மாண்டமான கான்கிரீட் கூடங்கள், இருட்டிவிட்டால் ஆள் நடமாட்டம் குறைந்து வெளிச்சமும் போதாமல் இருக்கும், பெண்கள் தனியாக வந்தால் எட்டு மணிக்கு மேல் இங்கே காத்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். படிக்கட்டும் நிறைய. முழங்கால் வலிக்காரர்களை இந்தத் தடத்தில் அலைய விடாதீர்கள், அவர்களுக்கு மெட்ரோதான் சரி.

துணி எடுக்கப் போகிறீர்களா

அப்படியானால் பூங்கா நிலையத்தில் தாம்பரம் வண்டி ஏறி மாம்பலம். இறங்கினால் ரங்கநாதன் தெரு. வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கிறது, தெருக்கூட்டத்தில் சிக்காமல் மேலேயே நடந்துவிடலாம். காலை பத்து மணிக்குக் கடைக்குள் இருங்கள், ஒரு மணிக்கு வெளியே வாருங்கள். நகை, துணி வாங்கிய பையோடு சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தத் தெருவில் நடப்பது வீரம் இல்லை. ஒரு நல்ல விஷயம், மாலையில் கூட்டம் தாம்பரம் திசையில்தான் நெரியும், நீங்கள் பூங்கா நோக்கி எதிர்த்திசையில் வருவதால் மூச்சு விடலாம். 2025 ஏப்ரலிலிருந்து இந்தத் தடத்தில் ஏ.சி. மின்சார ரயிலும் ஓடுகிறது, குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். நாளுக்குச் சில வண்டிகள்தான், நேரம் பொருந்தினால் ஏறலாம், அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

பெரியவர்களோடு போனால் மெட்ரோ

லிஃப்ட், எஸ்கலேட்டர், குளிர்சாதனம், உட்கார இடம். கட்டணம் 10 முதல் 50 ரூபாய் வரை. சென்ட்ரலிலிருந்து பச்சைத் தடத்தில் ஒரே நிறுத்தம் எழும்பூர். அங்கிருந்து பாந்தியன் சாலை அருங்காட்சியகத்துக்கு நடக்கலாம், முடியாதவர்களுக்கு ஆட்டோ. 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம் இது. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தையும் அமராவதிச் சிற்பங்களையும் முதலில் பாருங்கள், மற்றதைக் கால் வலிக்கும் வரை பார்க்கலாம். காலை ஒன்பதரைக்குத் திறப்பார்கள். வடபழனி முருகனைப் பார்க்க வேண்டும் என்றால் அதே பச்சைத் தடத்தில் தொடர்ந்து போனால் வடபழனி.

ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள் நீலத் தடத்தில் நந்தனம். ஒய்.எம்.சி.ஏ. மைதானம் பக்கத்திலேயே. வேலை நாட்களில் பிற்பகலில்தான் திறப்பார்கள், விடுமுறை நாட்களில் காலை பதினோரு மணி, ஆகவே ஒரே நாளில் வந்து திரும்புகிற நமக்கு விடுமுறை நாள்தான் சரிப்படும். வாங்கும் புத்தகங்களின் எடையைச் சுமந்துகொண்டு ஜெனரல் பெட்டியில் நிற்கப்போவது நீங்கள்தான் என்பது நினைவிருக்கட்டும்.

பேருந்து எப்போது

தடத்திலிருந்து விலகிக் கொஞ்ச தூரம் போக மட்டும். மயிலாப்பூரிலிருந்து பெசன்ட் நகருக்கு 29சி மாதிரி. முன்பக்கம் பிங்க் நிறம் அடித்த சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இலவசம், வெளியூர்க்காரர்களுக்கும்தான், அடையாள அட்டை எதுவும் கேட்க மாட்டார்கள். நடத்துநரிடம் கேட்டு அந்த இலவசச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டீலக்ஸ், ஏ.சி. பேருந்துகளில் இது கிடையாது. மாலை ஐந்துக்கு மேல் ரயிலைப் பிடிக்கப் பேருந்தை நம்பாதீர்கள். அண்ணா சாலையில் சிக்னலில் நிற்கும்போது மனசுக்குள் ரயில் நேரத்தை எண்ணிக்கொண்டிருப்பது பெரிய தண்டனை.

திரும்புவதும், வண்டியைத் தவறவிட்டால் செய்ய வேண்டியதும்

புறப்படும் நேரத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம் முன்னால் சென்ட்ரலில் இருங்கள். ஜெனரல் பெட்டிகள் பெரும்பாலும் வண்டியின் இரு கோடிகளில் இருக்கும், முன்கோடிப் பெட்டிக்கு நடக்கவே நேரம் பிடிக்கும், ஆனால் அங்கேதான் கூட்டம் குறைவு. இரவுச் சாப்பாட்டை சென்ட்ரல் பக்கத்திலேயே முடித்துவிடலாம், அல்லது கட்டுச்சோறு. காட்பாடியில் இறங்கும்போது பத்து, பத்தரை ஆகிவிடும் என்றால் வேலூர் டவுனுக்குப் போக வண்டி ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள், அந்த நேரத்தில் ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை.

வண்டி போய்விட்டதா? அடுத்த இரவு எக்ஸ்பிரஸ்ஸுக்குப் புது டிக்கெட் எடுங்கள், முக்கால்வாசி நாள் இது போதும். அதிலும் ஏற முடியாத கூட்டம் என்றால் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து அரக்கோணம் மின்சார ரயில் இருக்கிறது. சோளிங்கர், அரக்கோணம் பக்கத்து ஆட்களுக்கு அதுவே வீடு சேர்த்துவிடும், காட்பாடிக்காரர்களுக்கு அது பாதி வழிதான், அரக்கோணத்தில் நடு இரவில் மாட்டிக்கொள்ளும் நிலை வரலாம், அடுத்து எந்த வண்டி அங்கே நிற்கிறது என்று பார்க்காமல் ஏறாதீர்கள். கடைசி வழி பேருந்து. சென்ட்ரலிலிருந்து பச்சைத் தட மெட்ரோவில் கோயம்பேடு புறநகர் பேருந்து நிலையத்துக்கு நேராகப் போகலாம், மெட்ரோ இரவு பதினொரு மணி வரை ஓடும். வெளியூர்ப் பேருந்துகளை ஒவ்வொன்றாக நகரின் விளிம்புக்கு மாற்றிக்கொண்டிருப்பதால், மெட்ரோ ஏறும் முன்பே வேலூர் வண்டி எங்கிருந்து கிளம்புகிறது என்று கேட்டுவிடுங்கள்.